கொடாப்பு ஐகானா, கறுப்புச் சன்னலா: கணினியில் வீடியோ பார்க்க எதை வைப்பது?

கோபிசெட்டிபாளையத்தில் எனக்கு ஒரு சின்னக் கடை. பழைய கேசட், டிவிடி எல்லாவற்றையும் பென்டிரைவுக்கு மாற்றித் தருவது முக்கிய வேலை. கூடவே சுற்றுவட்டாரத்துக் கணினிகளுக்கு சர்வீஸ். வேலை முடிந்து பென்டிரைவைக் கையில் கொடுத்ததும் வாடிக்கையாளர் கேட்பது எப்போதும் ஒரே கேள்வி: "ஏனுங்க, இதை எதுல போட்டுப் பாக்கறதுங்க?" பத்து வருடமாக யோசிக்காமல் "விஎல்சி போட்டுக்கோங்க" என்று ஓர் இலவச வீடியோ பிளேயரின் பெயரைச் சொல்லி அனுப்பிவிட்டேன். போன தை மாதம் அமுச்சிக்காக (எங்கள் பக்கம் அம்மாவின் அம்மா) ஒரு வேலை செய்ய வேண்டி வந்தது. அப்போதுதான் அந்தப் பதிலில் ஒரு ஓட்டை இருப்பது தெரிந்தது.

அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, தவறி நான்கு வருடம் ஆகிறது. அவருக்கு ஒழுங்கான போட்டோ ஒன்றுகூடக் கிடையாது. சுவரில் மாட்டியிருப்பது ரேஷன் கார்டுக்கு எடுத்ததைப் பெரிசாக்கிய படம். அதில் யாரோ மாதிரி இருக்கிறார் என்று அமுச்சிக்குக் குறை. "உங்க மாமன் கல்யாணக் கேசட்ல சிரிச்சிட்டு நிப்பாரு கண்ணு. அதை எடுத்துக் குடு, அதையே மாட்டிக்கலாம்" என்றார்.

மாமாவுக்குக் கல்யாணம் நடந்தது 1996இல். விஎச்எஸ் கேசட்டில் எடுத்ததை 2007 வாக்கில் யாரோ ஒரு ஸ்டுடியோக்காரர் டிவிடியாக மாற்றிக் கொடுத்திருந்தார். போட்டுப் பார்த்தேன். மாப்பிள்ளையின் சகோதரி செய்கிற இணைச்சீர்ச் சடங்கு நடக்கிறது. அம்மா சீர்க்கூடையோடு நிற்கிறார். கேமரா மெதுவாக வலது பக்கம் திரும்ப, உருமால் கட்டிய அப்புச்சி யாரிடமோ எதையோ சொல்லிவிட்டுச் சிரிக்கிறார். மொத்தமே இரண்டு வினாடி. நம் ஊர் டிவிடியில் வினாடிக்கு 25 படம், ஆக ஐம்பது படம். அந்த ஐம்பதில் கண் மூடாமல், கேமரா ஆடாமல், தாம்பாளம் எடுத்துப் போகிற பெண் குறுக்கே வராமல் இருப்பது நான்கோ ஐந்தோதான்.

விஎல்சியில் ஈ விசையைத் தட்டினால் படம் ஒவ்வொன்றாக முன்னே நகரும். தட்டிக்கொண்டே போனேன். நல்ல படம் வந்தது, அதைவிட நல்லது அடுத்து வருமோ என்ற ஆசையில் இன்னும் நான்கு தட்டினேன். தாம்பாளம் வந்துவிட்டது. சரி, பின்னால் போகலாம் என்று பார்த்தால் பின்னால் போக வழியே இல்லை. விஎல்சி 3.0இல் ஒரு படம் பின்னோக்கி நகர விசை கிடையாது. ஷிஃப்டோடு இடது அம்புக்குறியை அழுத்தினால் மூன்று வினாடி பின்னே போகும். மூன்று வினாடி என்றால் மறுபடி எழுபத்தைந்து தட்டு. இப்படி நான்கைந்து முறை போய் வந்த பிறகு, இதற்கு வேறு பிளேயர் பார்த்தே ஆகவேண்டும் என்று உட்கார்ந்தேன்.

இலவசமாகக் கிடைக்கிற பொருளை நாம் யாரும் ஒப்பிட்டுப் பார்த்து எடுப்பதில்லை. சந்தையில் கத்தரிக்காய் வாங்கக்கூட மூன்று கடை ஏறி இறங்குகிறோம். பிளேயர் விஷயத்தில் மட்டும் யார் முதலில் போட்டுக் கொடுத்தார்களோ அதுவே காலத்துக்கும்.

ஒப்பிட எடுத்துக்கொண்டது விஎல்சி, எம்பிசி-எச்சி, பாட்பிளேயர், எம்பிவி ஆகிய நான்கு. விண்டோஸோடு வருகிற பிளேயரை ஆரம்பத்திலேயே ஒதுக்கிவிட்டேன். விண்டோஸ் 8இலிருந்தே டிவிடி பார்க்கும் வசதி அதோடு வருவதில்லை. போன்கள் இப்போது பயன்படுத்தும் எச்இவிசி என்கிற சுருக்கமுறையில் எடுத்த வீடியோவுக்கும் பல கணினிகளில் ஸ்டோரில் காசு கொடுத்துத் தனியாக ஒரு துணுக்கு வாங்கச் சொல்லும். பாட்டு மட்டும் கேட்பவருக்கு அது போதும். என் கடைக்கு வருகிறவர்களுக்குப் போதாது.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "எந்த பிளேயர் அதிக வகைக் கோப்புகளைத் திறக்கும்?" என்று கேட்பதில் இன்று பெரிய அர்த்தமில்லை. இந்தப் பிளேயர்களுக்கு அடியில் கோப்பைப் பிரித்துப் படமாக்குகிற வேலையைப் பெரும்பாலும் எஃப்எஃப்எம்பெக் என்கிற ஒரே நூலகம்தான் செய்கிறது. 2000இல் ஃபேப்ரிஸ் பெல்லார்ட் என்ற பிரெஞ்சு நிரலாளர் தொடங்கிவைத்தது அது. பந்தியில் சமையல்காரர் ஒருவர்தான், பரிமாறுகிறவர்கள்தான் வேறுவேறு. அதனால் சாப்பாட்டை விட்டுவிட்டுப் பரிமாறுகிற கையைப் பார்க்க வேண்டும்.

பின்னோக்கி நகர்வதில் ஏன் இவ்வளவு சங்கடம்? வீடியோவில் எல்லாப் படமும் முழுப் படமாக இருப்பதில்லை. டிவிடியில் ஏறத்தாழ அரை வினாடிக்கு ஒன்றுதான் முழுப்படம். நடுவில் இருப்பவை எல்லாம் "பக்கத்துப் படத்திலிருந்து இன்னின்ன இடம் மட்டும் மாறியது" என்கிற குறிப்புகள். முன்னால் போக, கையில் இருக்கும் படத்தின்மேல் அடுத்த குறிப்பைப் போட்டால் போதும். பின்னால் ஒரே ஒரு படம் போகவேண்டும் என்றால், முந்தைய முழுப்படம் வரைக்கும் ஓடிப்போய், அங்கிருந்து எண்ணிக்கொண்டே திரும்பி வந்து, ஒன்று குறைவான இடத்தில் நிற்கவேண்டும். ராட்டினத்தில் தவறவிட்ட முகத்தைப் பார்க்க முழுச்சுற்று சுற்றி வருவது மாதிரி. விஎல்சி அந்த வேலையை எடுத்துக்கொள்ளவில்லை. மற்ற மூன்றும் எடுத்துக்கொண்டன.

எம்பிவியில் புள்ளி விசை முன்னே, கமா விசை பின்னே. பாட்பிளேயரில் எஃப் முன்னே, டி பின்னே. எம்பிசி-எச்சியில் கன்ட்ரோலோடு வலது, இடது அம்புக்குறி. மூன்றிலும் அப்புச்சியை முன்னும் பின்னும் நடக்கவைத்துப் பார்த்தேன். டிவிடி கோப்பு என்பதால் மூன்றும் வேகமாகவே நகர்ந்தன. போனில் எடுத்த 4கே வீடியோவில் பின்னோக்கிப் போகும்போது எம்பிவி ஒவ்வொரு தட்டுக்கும் கொஞ்சம் மூச்சு வாங்குகிறது. முழுப்படங்கள் தள்ளித்தள்ளி இருப்பதால் அப்படி.

படம் கிடைத்ததும் அடுத்த பிரச்சினை வந்தது. அப்புச்சியின் முகத்தின் ஓரமெல்லாம் சீப்புப் பல் மாதிரி கோடு கோடாக வெட்டியிருந்தது. பழைய கல்யாண வீடியோ வைத்திருக்கும் எல்லோரும் இதைப் பார்த்திருப்பீர்கள். கேசட்டிலும் டிவிடியிலும் ஒரு படத்தின் 576 வரிகளை ஒரே நேரத்தில் எடுப்பதில்லை. ஒற்றை வரிகளை ஒருமுறையும், இரட்டை வரிகளை ஐம்பதில் ஒரு வினாடி கழித்தும் எடுக்கும். பழைய பெட்டி டிவி அதையே மாற்றி மாற்றிக் காட்டியதால் கண்ணுக்குத் தெரியவில்லை. கணினித் திரை இரண்டையும் ஒன்றாகக் காட்டும்போது, அந்த இடைவெளியில் அசைந்த கையும் தலையும் பல்பல்லாகத் தெரிகின்றன. நிறையப் பேர் "கேசட் கெட்டுப்போச்சுங்க" என்று வருத்தத்தோடு கொண்டுவருவார்கள். பாதிக்கு மேல் கேசட்டில் ஒரு குற்றமும் இருக்காது. டிஇன்டர்லேஸ் என்கிற வசதியை ஓடவிட்டால் சரியாகிவிடும்.

இதில் விஎல்சிதான் என் மனசுக்குப் பிடித்தது. வீடியோ மெனுவுக்குள் போனால் டிஇன்டர்லேஸ் என்று தெளிவாக எழுதியிருக்கும். கீழேயே எந்த முறை வேண்டும் என்ற பட்டியலும் இருக்கும். அதில் யாடிஃப் என்பதைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலான கல்யாண வீடியோவுக்குப் போதும். எம்பிவியில் டி விசை ஒரு தட்டு, வேலை முடிந்தது. ஆனால் அந்த விசை இருக்கிறது என்று யாராவது சொன்னால்தான் உண்டு. எம்பிசி-எச்சியில் அதன் உள்ளே இருக்கும் லேவ் ஃபில்டர்கள் என்கிற துணை நிரல்களின் அமைப்புக்குள் போகவேண்டும். ஒருமுறை வைத்துவிட்டால் பிறகு தொந்தரவு இல்லை. பாட்பிளேயரிலும் இருக்கிறது, ஆனால் வலது க்ளிக் மெனுவுக்குள் மெனு, அதற்குள் மெனு என்று போய்க்கொண்டே இருக்கும். முதல் நாள் நான் அதில் காணாமலே போனேன்.

கடைசியில் அப்புச்சியை எடுத்துக் கொடுத்தது எம்பிவி. டி தட்டி, கமாவில் பின்னே வந்து, எஸ் தட்டினால் படம் கோப்பாகச் சேமித்துவிடும். தானாக விட்டால் ஜேபெக்காகச் சேமிக்கும். பிரின்ட் போடுவதாக இருந்தால் பிஎன்ஜிக்கு மாற்றிவைப்பது நல்லது. பிறகு அதை ஸ்டுடியோவில் கொடுத்து வெளிச்சம் சரிசெய்து கொஞ்சம் பெரிசாக்கினோம். 576 வரிப் படத்தை எவ்வளவு பெரிசாக்கமுடியும் என்பதற்கு ஓர் அளவு உண்டு. ஆளுயரப் படமாகக் கேட்டால் எந்த பிளேயரும் தராது.

எம்பிவியை இவ்வளவு புகழ்ந்துவிட்டேன். ஆனாலும் அதை அமுச்சி வீட்டுக் கணினியில் வைக்கமாட்டேன். திறந்தால் ஒரு கறுப்புச் சன்னல். மேலே மெனு இல்லை. கோப்பை இழுத்துப் போடு என்று ஒரு வரி. அமைப்பு மாற்ற வேண்டுமா, ஓர் உரைக் கோப்பைத் திறந்து வரிவரியாக எழுது. விட்ட இடத்திலிருந்து தொடரவேண்டுமா, அதற்கொரு வரி. பழைய எம்பிளேயர் வழியில் வந்து 2012, 13 வாக்கில் தனியாகப் பிரிந்தது இது. எழுதியவர்களும் பயன்படுத்துகிறவர்களும் விசைப்பலகையிலேயே வாழ்கிறவர்கள். தறியில் உட்கார்ந்தவருக்கு நாடா எங்கே இருக்கிறது என்று கை தானாகப் போகிற மாதிரி, பழகியவருக்கு இதைவிட வேகமானது இல்லை. பழகாதவருக்குச் சுவர். நடுவழியாக, எம்பிவியையே உள்ளே வைத்து வெளியே மெனு, பொத்தான் எல்லாம் போட்ட எஸ்எம்பிளேயர் உண்டு. மேக் வைத்திருப்பவர்களுக்கு அதே வழியில் ஐஐஎன்ஏ இருக்கிறது. எங்கள் பக்கம் மேக் அபூர்வம் என்பதால் அதில் எனக்குப் பழக்கம் குறைவு.

அமுச்சி வீட்டுக் கணினி, மாமா கழித்துவிட்டது. 4 ஜிபி ராம், கிறீச்சென்று சுழலும் விசிறி. அதில் விஎல்சி வைத்தபோது ஐகானைப் பார்த்து "இதென்ன, கொடாப்புக் கணக்கா இருக்குது" என்றார். கோழியைக் கவிழ்த்து மூடிவைக்கிற கூடைதான் கொடாப்பு. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் விஎல்சிக்குப் பெயரே கொடாப்பு. உண்மையில் அது ரோட்டில் வைக்கிற போக்குவரத்துக் கூம்பு. மாமா கல்யாணம் நடந்த அதே 1996இல்தான் பாரிஸ் பக்கத்தில் எக்கோல் சென்ட்ரால் என்ற பொறியியல் கல்லூரியில் மாணவர்கள் இதற்கான வேலையைத் தொடங்கினார்கள். தெருவில் கிடந்த கூம்புகளைத் தூக்கிவந்து விடுதியில் சேர்த்துவைத்த மாணவர் கூட்டம் அது. 2001இல் எல்லோருக்கும் திறந்த மென்பொருளாக விட்டார்கள். டிசம்பர் வந்தால் கூம்பு கிறிஸ்துமஸ் தாத்தா தொப்பி போட்டுக்கொள்ளும். முதல் வருடம் அதைப் பார்த்துவிட்டு வைரஸ் என்று பயந்துபோய் எனக்குப் போன் போட்டவர்கள் உண்டு.

விஎல்சியின் பலம் என்று நான் நினைப்பது, கெட்டுப்போன கோப்பிடமும் பொறுமை காட்டுவது. பாதியில் நின்ற ஏவிஐ, கீறல் விழுந்த டிவிடி, நீட்டிப்புப் பெயர் தப்பாகப் போட்ட கோப்பு எதைக் கொடுத்தாலும் ஏதாவது ஒன்றை எடுத்து ஓட்டப் பார்க்கும். டிவிடியை ஓட்டத் தேவையான நூலகமும் கூடவே வருகிறது. டிவிடியை அப்படியே நகல் எடுத்து வைத்திருந்தால், உள்ளே இருக்கும் விஓபி கோப்புகளைத் தனித்தனியாக க்ளிக் செய்யாதீர்கள். நேரக்கணக்கு குழம்பும், இழுத்தால் வேறெங்கோ போய் நிற்கும். முழு ஃபோல்டரையும் டிஸ்க்காகத் திறந்தால் ஸ்டுடியோக்காரர் போட்ட ரோஜாப்பூ மெனுவோடு ஒழுங்காக வரும். உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம் போனால் ஜே, கே விசைகள் 50 மில்லிவினாடி அளவில் ஒலியை முன்பின் தள்ளும். கேசட்டிலிருந்து மாற்றியதில் இந்தக் கோளாறு சகஜம். மங்கல வாழ்த்துப் பாடுகிறவர் வாயை மூடிய பிறகும் பாட்டு ஓடிக்கொண்டிருந்த டிவிடி ஒன்றை அப்படித்தான் சரிசெய்தேன்.

சத்தத்தையும் சொல்ல வேண்டும். விஎல்சி 100க்கு மேலேயும் 125 சதவீதம் வரை தூக்கும். எம்பிவி 130 வரை போகும். மடிக்கணினியின் சின்ன ஸ்பீக்கரில் பழைய கேசட்டின் முனகலைக் கேட்க இது பெரிய உதவி. மேளச்சத்தம் வரும் இடத்தில் பிளந்துவிடும், குறைத்துக்கொள்ளுங்கள்.

எம்பிசி-எச்சி யாருக்கு? விண்டோஸ் 98 காலத்து மீடியா பிளேயர் ஞாபகம் இருப்பவர்களுக்கு. அதே சாம்பல் சன்னல், அதே சின்னப் பொத்தான்கள். சொந்த ஊர் வீட்டுத் திண்ணை மாதிரி. திறக்கச் சொன்ன நொடியில் திறக்கும். 2017இல் வேலை செய்ய ஆளில்லை என்று அறிவித்து நிறுத்திவிட்டார்கள். பிறகு தன்னார்வலர் ஒருவர் எடுத்துத் தொடர்ந்து புதுப்பித்து வருகிறார். ஆகவே பழைய தளத்திலிருக்கும் 1.7.13ஐ எடுக்காமல், தொடர்ந்து வரும் புதிய பதிப்பைத் தேடி எடுங்கள். கே-லைட் கோடெக் பேக் என்கிற இலவசத் தொகுப்பிலும் இதுதான் வருகிறது. விண்டோஸுக்கு மட்டுமே உண்டு என்பது ஒரு குறை. விண்டோஸ் தவிர வேறெதையும் தொடாதவருக்கு அது குறையே இல்லை.

பாட்பிளேயர் கொரியாவின் காக்காவோ நிறுவனத்துடையது. கேஎம்பிளேயரை முதலில் எழுதியவரின் கைவேலை. இலவசம்தான், ஆனால் மூலநிரல் திறந்ததல்ல. உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியாள் பார்க்கமுடியாது. மற்ற மூன்றிலும் பார்க்கலாம். இது உங்களுக்கு முக்கியமா இல்லையா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். வீட்டில் பாட்டுப் பார்க்க எனக்கு முக்கியமாகப் படவில்லை. அலுவலகக் கணினி என்றால் யோசிப்பேன்.

பாட்பிளேயரின் அருமை எனக்குத் தெரிந்தது காங்கேயத்தில். மாமா மகன் அங்கே ஓர் எண்ணெய் மில்லில் சூப்பர்வைசர். நான்கு மூட்டை கொப்பரை குறைகிறது என்று கேமரா பதிவைக் கொண்டுவந்தான். "மச்சான், ராத்திரி ஒரு வேன் வந்து போகுது. நம்பர் மட்டும் படிச்சுச் சொல்லுங்க, போதும்." அந்த ரெக்கார்டர் கொடுத்த கோப்பு எதிலும் ஒழுங்காகத் திறக்கவில்லை. விஎல்சியில் படம் வந்தது, ஆனால் கீழே நேரக்கோடு இல்லை. இழுக்கமுடியாது, ஆரம்பத்திலிருந்து பார்த்தாகவேண்டும். சில ரெக்கார்டர்கள் படத்தை வெறும் ஓட்டமாகக் கொட்டிவைக்கின்றன, எந்த நிமிடம் எங்கே என்ற அட்டவணை இருப்பதில்லை. இதைப் பிளேயரின் குற்றமென்று சொல்லக்கூடாது. எஃப்எஃப்எம்பெக்கைக் கட்டளையாகக் கொடுத்து, படத்தைத் தொடாமல் உறையை மட்டும் எம்பி4க்கு மாற்றினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அப்புறம் எல்லாப் பிளேயரிலும் நேரக்கோடு வந்தது.

தேடும் வேலைக்கு பாட்பிளேயர் வாகாக இருந்தது. சதுர அடைப்புக்குறி விசைகளால் ஆரம்பமும் முடிவும் குறித்துவிட்டால் அந்தத் துண்டு மட்டும் சுற்றிச் சுற்றி ஓடும். எக்ஸ் தட்டினால் வேகம் குறையும், சி தட்டினால் கூடும், இஸட் பழைய வேகம். டி, எஃப் விசைகளில் முன்பின் நகரலாம். இடது கை அந்த ஐந்தாறு விசையை விட்டு நகரவே வேண்டாம். ஒரு மூலையைப் பெரிதாக்கிப் பார்க்க மட்டும் எம்பிவி சுலபம்: ஆல்ட்டோடு பிளஸ் அழுத்தினால் பெரிதாகும், ஆல்ட்டோடு அம்புக்குறி அழுத்தினால் நகரும். இத்தனை செய்தும் நம்பரைப் படிக்கமுடியவில்லை. கேமரா பிடிக்காத எழுத்தைப் பிளேயர் எங்கிருந்து கொண்டுவரும்? வேனின் பின்பக்கம் ஒட்டியிருந்த சாமி ஸ்டிக்கரை வைத்து வண்டியை அடையாளம் சொன்னார் மில் வாட்ச்மேன்.

அந்தியூர் பக்கம் அரசுப் பள்ளியில் அக்கா டீச்சர். ஆங்கில அறிவியல் வீடியோக்களுக்குத் தானே தமிழில் சப்டைட்டில் தட்டிப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுவார். "டேய், நோட்பேடுல நல்லாத் தெரியுது, வீடியோவுல போட்டா வெறும் கேள்விக்குறியா வருதுடா" என்று ஒருநாள் கூப்பிட்டார். தப்பு நோட்பேடில். பழைய விண்டோஸ் நோட்பேடு தானாக விட்டால் ஆன்சி முறையில் சேமிக்கும். அதில் தமிழ் எழுத்துக்கு இடமில்லை, எல்லாம் கேள்விக்குறியாகிவிடும். சேமித்து மூடியபிறகு எந்தப் பிளேயராலும் மீட்கமுடியாது. யுடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்துச் சேமிக்கவேண்டும். 2019இல் வந்த விண்டோஸ் 10 அப்டேட்டுக்கு அப்புறம் நோட்பேடு தானாகவே யுடிஎஃப்-8இல் சேமிக்கிறது. அதனால் புதுக் கணினிகளில் இந்தத் தலைவலி இல்லை.

கேள்விக்குறிக்குப் பதில் கட்டம் கட்டமாக வந்தால் அது எழுத்துரு கோளாறு. விஎல்சியில் சப்டைட்டில் அமைப்புக்குள் போய் எழுத்துருவை நிர்மலா யுஐ என்று மாற்றினால் சரியாகிவிடும். விண்டோஸ் 8க்கு முந்தைய கணினி என்றால் லதா. கொம்பும் காலும் எழுத்தை விட்டுத் தனியாக நின்றால் விஎல்சியின் பதிப்பு பழசு என்று அர்த்தம், 3.0க்கு மேலே ஏற்றுங்கள். எம்பிவி இதில் கெட்டிக்காரன். கோப்பு எந்தக் குறியாக்கத்தில் இருக்கிறது என்று அதுவே மோப்பம் பிடிக்கும், தமிழும் ஒழுங்காக ஒட்டி வரும். ஆனாலும் அக்காவுக்கு விஎல்சிதான் வைத்தேன். காரணம், அவர் பள்ளியில் ஒரு மேசைக்கணினியில் விண்டோஸ். பழைய மாணவர் ஒருவர் கொடுத்துவிட்டுப் போன, 2011இல் தொடங்கிய இலவசத் திட்டத்து மடிக்கணினியில் பாஸ் லினக்ஸ் என்கிற வேறொரு இயங்குதளம். இரண்டிலும் ஒரே முகம், ஒரே விசைகள். சப்டைட்டில் முந்தினால் ஜி, எச் விசைகளால் தள்ளிக்கொள்ளலாம் என்று பிள்ளைகளுக்கே தெரிந்துவிட்டது.

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் பதிவு செய்த வகுப்பை ஒன்றரை வேகத்தில் ஓட்டுவார்கள். நான்கு பிளேயரிலும் குரல் கீச்சென்று மாறாமல் வேகம் கூடும். இதில் தேர்ந்தெடுக்க ஒன்றுமில்லை.

இப்போது கடைக்கு அதிகம் வருகிற புகார், "போன்ல எடுத்தது கம்ப்யூட்டர்ல திக்குதுங்க." போன்கள் இப்போது எச்இவிசி, அதாவது எச்.265இல் பதிவு செய்கின்றன. இடம் குறையும், ஆனால் பிரித்துக் காட்டுவதற்குச் சிப்பில் தனி வசதி வேண்டும். இன்டெல்லில் ஆறாம் தலைமுறையிலிருந்து 8 பிட் எச்இவிசிக்கு அந்த வசதி உண்டு, ஏழாம் தலைமுறையிலிருந்து 10 பிட்டுக்கும் உண்டு. அதற்குக் கீழே இருந்தால் மொத்தப் பாரமும் பிராசசர் தலையில். நான்காம் தலைமுறை ஐ3இல் 4கே ட்ரோன் வீடியோ போட்டால் எந்தப் பிளேயரும் திக்கும். பிளேயரை மாற்றி மாற்றிப் பார்ப்பது வீண், வீடியோவைச் சின்னதாக மாற்றிக் கொடுப்பேன். சிப்பில் வசதி இருந்தும் எம்பிவியில் திக்கினால் காரணம் வேறு. விஎல்சி அந்த வசதியைத் தானாக எடுத்துக்கொள்ளும். எம்பிவி கேட்டால்தான் எடுக்கும். கன்ட்ரோலோடு எச் தட்டினால் போதும்.

பிளேயரைப் பதிவிறக்கும் இடத்தில் கவனம் வேண்டும். 2022இல் பல மாதங்கள் இந்தியாவில் விஎல்சியின் அதிகாரப்பூர்வத் தளமே திறக்காமல் தடுக்கப்பட்டிருந்தது. காரணம் சொல்லவில்லை. சட்ட நோட்டீஸ் போன பிறகு அந்த நவம்பரில் தடை நீங்கியது. அந்த இடைவெளியில் தேடுபொறியில் முதலில் வந்த ஏதோ தளத்திலிருந்து இறக்கிப் போட்டவர்கள் பலர். ஒருவர் கணினியைத் திறந்தால் பிளேயர் ஒன்று, கூடவே கேட்காமல் வந்த டூல்பார் மூன்று. நான் இப்போது நான்கு பிளேயரின் நிறுவல் கோப்பையும் அவரவர் தளத்திலிருந்து எடுத்து ஒரு பென்டிரைவில் வைத்திருக்கிறேன், மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்கிறேன்.

இப்போது கடையில் நான் செய்வது இதுதான். வீட்டில் பார்ப்பதற்கு என்றால் விஎல்சி, கேள்வியே இல்லை. கல்யாண ஆல்பம், நினைவுப்படம் என்று வீடியோவிலிருந்து படம் எடுக்க வேண்டியவர்களுக்கும், கேமரா பதிவை நோண்ட வேண்டியவர்களுக்கும் விஎல்சியோடு இன்னொன்று. விண்டோஸ் மட்டும் தெரிந்தவர், எலியால் வேலை செய்பவர் என்றால் எம்பிசி-எச்சி. விசைகளை ஒரு வாரம் பழகத் தயார் என்பவருக்கு எம்பிவி. பாட்பிளேயர் கேட்டு வந்தால் வைத்துக்கொடுப்பேன், நானாகச் சொல்வதில்லை. மெனுவில் காணாமல் போனால் மறுபடி என்னிடம்தான் வருவார்கள். ஒரே கணினியில் இரண்டு பிளேயர் இருந்தால் சண்டை போட்டுக்கொள்ளாது. க்ளிக் செய்தால் எது திறக்கவேண்டும் என்று மட்டும் விண்டோஸில் ஒன்றைச் சொல்லிவிடுங்கள். இன்னொன்றை வலது க்ளிக்கில் கூப்பிட்டுக்கொள்ளலாம். என் கடைக் கணினியில் நான்கும் இருக்கின்றன. தானாகத் திறப்பது எம்பிவி.

அப்புச்சி படத்தைச் சட்டம் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அமுச்சி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்குது. ஆனா பேசமாட்டீங்கறாரே" என்றார். அந்தச் சிரிப்பு வருகிற இடத்துக்கு முன்னும் பின்னும் சேர்த்து இரண்டு நிமிடத்தை வெட்டி, தனிக் கோப்பாக டெஸ்க்டாப்பில் வைத்து, விஎல்சியில் ஒன்றையே திரும்பத் திரும்ப ஓட்டும் பொத்தானையும் அழுத்திவிட்டு வந்தேன். போன வாரம் போனபோது, எலியை இரண்டு தட்டு தட்டத் தானே பழகியிருந்தார். "கொடாப்பைத் தொறந்தா அப்புச்சி வந்துருவாரு" என்று பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.